"மனசு ஒப்பல" என்றால் என்ன?

எங்கள் சித்தப்பா ஒரு மனை பார்க்கப் போனார். பாளையங்கோட்டைக்குத் தெற்கே, பஸ் போகிற ரோட்டிலிருந்து நூறடி உள்ளே. பத்திரம் சுத்தம். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாயிற்று. விலையும் அக்கம்பக்கத்தைவிடக் குறைவு. புரோக்கர் அட்வான்ஸ் பேச்சை எடுத்ததும் சித்தப்பா, "ரெண்டு நா கழிச்சுச் சொல்லுதேன்" என்று கிளம்பி வந்துவிட்டார். வீட்டில் எல்லோரும் காரணம் கேட்டார்கள். "என்னமோ, மனசு ஒப்பல." அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "மனசு ஒப்பலைன்னு இப்படி ஒரு எடத்த யாராவது விடுவாகளா?" என்று சித்தி சத்தம் போட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்த மனைக்கு வடகடைசியில கோரை நின்னுச்சுல்லா."

கோரை, தண்ணீர் கட்டி நிற்கிற இடத்தில் வளர்கிற புல். பத்தமடையில் பாய் நெய்வது அதில்தான். குளத்துக்கரையிலும் வயல்வரப்பிலும் ஓடி வளர்ந்தவர் சித்தப்பா. கண் அதைப் பார்த்துவிட்டது, உள்ளே ஏதோ ஒன்று "வேண்டாம்" என்றது, அந்த வேண்டாமுக்கு வார்த்தை வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. மனையை வேறொருவர் வாங்கி வீடு கட்டிக் குடியிருக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறார். எனவே சித்தப்பாவின் முடிவு சரியென்று நிரூபிக்க இதைச் சொல்லவில்லை. "மனசு ஒப்பல" என்கிற அந்த இரண்டு சொல்லுக்குள் என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

இதை எழுதத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. ஒரு பக்கம், "மனசு சொல்றதக் கேளு" என்று செல்போனைத் திறந்தாலே யாராவது சொல்கிறார்கள். மறுபக்கம், "உணர்ச்சிவசப்படாதே, பிராக்டிகலா யோசி" என்று வீட்டில் சொல்கிறார்கள். இரு தரப்பாருமே மனசும் கணக்கும் இரண்டு எதிரிகள், ஒன்று ஜெயித்தால் மற்றது தோற்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உடம்பும் மூளையும் வேலை செய்கிற விதம் அப்படி இல்லை. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வாழ்க்கையே இந்தத் தவறான எண்ணத்தால் திசைமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

தராசு எதை நிறுக்கும்?

திருநெல்வேலி டவுன் போஸ் மார்க்கெட்டில் ஒரு காய்கறிக் கடையை எண்ணிக்கொள்ளுங்கள். தராசு இருக்கிறது. ஒரு கிலோ கத்தரிக்காய் எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்லும். ஆனால் இன்றைக்குக் கத்தரிக்காய் வாங்குவதா, வாழைக்காய் வாங்குவதா என்று தராசைக் கேட்டால் அது என்ன சொல்லும்? வீட்டில் யாருக்கு எது பிடிக்கும், நேற்று என்ன குழம்பு, இன்றைக்குக் கிழமை என்ன என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

கணக்கு என்பது தராசு. இரண்டு வழிகளில் எதற்குச் செலவு குறைவு, எதில் ஆபத்து அதிகம் என்று அது சொல்லும். எதைத் தட்டில் வைக்க வேண்டும் என்பதைச் சொல்லாது. சம்பளம் முக்கியமா, அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பது முக்கியமா என்பதற்கு எடைக்கல் கிடையாது. அந்த மதிப்பைத் தருவது உணர்வு. "நான் உணர்ச்சியே கலக்காமல் முடிவெடுப்பவன்" என்று சொல்கிறவரும் பணம் குறைந்தால் அஞ்சுகிறார், கூடினால் நிம்மதி அடைகிறார். அந்த அச்சமும் நிம்மதியும் உணர்வுகள்தாம். அவர் கணக்கைத் தொடங்கி வைப்பதே அவைதான்.

உடம்பு முந்தும், சொல் பிந்தும்

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொண்டால் மேலே போவது எளிது.

உணர்ச்சி என்பது உடம்பில் நடக்கிற மாற்றம். இதயம் வேகமாக அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும், வயிறு இறுகும், தொண்டை அடைக்கும். பெரும்பாலும் நம்மைக் கேட்காமலே நடக்கும். உணர்வு என்பது அந்த மாற்றத்தை மனம் அறிந்துகொள்வது. உணர்ச்சி நடக்கிறது, உணர்வு தெரிகிறது.

நம் பேச்சு வழக்கைக் கவனித்தால் ஊருக்கே இது தெரிந்திருப்பது புரியும். பயத்தை "வயித்துல புளியக் கரைக்குது" என்கிறோம். இரக்கம் வந்தால் நெஞ்சு இளகுகிறது, கவலை வந்தால் நெஞ்சு கனக்கிறது, பழைய நினைப்பு வந்தால் தொண்டை அடைக்கிறது. மனசைப் பற்றிச் சொல்ல வந்து உடம்பைப் பற்றியே பேசுகிறோம். தொல்காப்பியம் இதற்குத் தனி இயலே வைத்திருக்கிறது. உள்ளத்தில் எழுவது உடம்பில் வெளிப்படுவதற்கு அங்கே பெயர் மெய்ப்பாடு. மெய் என்றால் உடம்பு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு வகை. ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும் என்று அது பிரித்துச் சொல்கிறது. உணர்ச்சிக்குக் காரணம் உண்டு, அது ஆகாயத்திலிருந்து விழுவதில்லை என்று இலக்கணம் எழுதினவர்கள் அன்றைக்கே கண்டுகொண்டது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இன்றைய மூளை இயல் இதையே வேறு வழியில் வந்து தொடுகிறது. இதயம், நுரையீரல், குடல் எல்லாவற்றிலிருந்தும் ஓயாமல் மூளைக்குச் செய்தி போய்க்கொண்டிருக்கிறது. வேகஸ் என்ற நீண்ட நரம்பு இந்தப் பாதையில் பெரிய பங்கு வகிக்கிறது. அதன் இழைகளில் பெரும்பகுதி மூளையிலிருந்து கட்டளை கொண்டுவருபவை அல்ல, உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. மூளையின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இன்சுலா என்ற பகுதி இந்தச் செய்திகளையெல்லாம் சேர்த்து, "உள்ளே நிலவரம் இப்படி" என்று ஒரு படம் தீட்டுகிறது. அந்தப் படத்தைத்தான் நாம் "ஒரு மாதிரியா இருக்கு" என்கிறோம்.

இதுவரை பார்த்தது: மதிப்பைத் தருவது உணர்வு, அளவைத் தருவது கணக்கு. உணர்ச்சி உடம்பில் நடப்பது, உணர்வு அதை மனம் அறிவது. உடம்பு முதலில், வார்த்தை பிறகு.

கணக்கு மட்டும் மிஞ்சிய மனிதர்

உணர்வை எடுத்துவிட்டுக் கணக்கை மட்டும் வைத்தால் மனிதர் இன்னும் தெளிவாக முடிவெடுப்பார் என்று தோன்றுகிறதல்லவா? அப்படிப்பட்ட சிலரை நரம்பியல் மருத்துவர் அன்டோனியோ டமாசியோ அமெரிக்காவில் நேரிலேயே பார்த்தார்.

ஒருவருக்கு நெற்றிக்குப் பின்னால், மூளையின் முன்பகுதியில் கட்டி. அறுவைசிகிச்சை செய்து கட்டியை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தின் மூளைத் திசுவும் சேதமாகிவிட்டது. பிறகு சோதித்தால் அறிவுத்திறனில் குறையில்லை, ஞாபகசக்தி, பேச்சு, கணக்கு எல்லாம் சரி. ஆனால் அவருடைய வாழ்க்கை சரிந்தது. வேலையில் ஒரு காகிதக் கட்டைத் தேதிவாரியாக அடுக்குவதா, பொருள்வாரியாக அடுக்குவதா என்று ஒரு பிற்பகல் முழுக்க யோசிப்பார். வேலை போயிற்று, போட்ட பணம் போயிற்று, திருமணம் முறிந்தது. இதையெல்லாம் அவர் வேறு யாருக்கோ நடந்ததுபோல அமைதியாகச் சொன்னார் என்பதுதான் டமாசியோவை உலுக்கியது. அவருக்குத் தன் துயரமே உறைக்கவில்லை.

அதேபோன்ற சேதமுள்ள இன்னொருவரிடம், அடுத்த முறை வர இரண்டு தேதிகளைச் சொல்லி எது வசதி என்று கேட்டார்கள். அவர் டைரியை எடுத்தார். அன்றைக்கு வேறு வேலை, மழை வருமா, முன்பின் சந்திப்புகள் என்று ஏறக்குறைய அரைமணி நேரம் இரண்டு பக்கத்துக்கும் காரணங்களை அடுக்கினார். முடிவுக்கு வரவே முடியவில்லை. கடைசியில் "இரண்டாவது தேதிக்கு வாருங்கள்" என்று சொன்னதும், "சரி" என்று டைரியை மூடிக்கொண்டு போய்விட்டார். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. "போதும், இது போகட்டும்" என்று உள்ளே சொல்ல வேண்டிய ஒன்று இல்லை.

டமாசியோவின் விளக்கம் இது. வாழ்க்கையில் நல்லதும் கெட்டதும் நடக்கும்போது அந்தச் சூழலோடு ஒரு உடல் மாற்றத்தையும் மூளை முடிச்சுப் போட்டு வைக்கிறது. அதே மாதிரிச் சூழல் மறுபடி வந்தால் அந்த மாற்றம் லேசாக எழும்பி, "இந்தப் பக்கம் பார்த்து" என்று எச்சரிக்கும், அல்லது "வா" என்று இழுக்கும். இதை உடற்குறி என்று சொல்லலாம். நூறு வழிகள் இருந்தால் எண்பதை அது சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். மிஞ்சுவதைத்தான் கணக்கு ஆராய்கிறது.

இதைச் சோதிக்க அவரும் அன்டாயின் பெக்காரா உள்ளிட்ட சகாக்களும் 1994-இல் ஒரு சீட்டு விளையாட்டை அமைத்தார்கள். நான்கு கட்டுகள். இரண்டில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டாலர் கிடைக்கும், ஆனால் அவ்வப்போது பெரிய இழப்பு வந்து மொத்தத்தில் நஷ்டம். மற்ற இரண்டில் 50 டாலர்தான், இழப்பும் சிறிது, மொத்தத்தில் லாபம். எது எந்தக் கட்டு என்று ஆடுபவருக்குச் சொல்ல மாட்டார்கள். பிறகு 1997-இல் ஆடுபவர்களின் கையில் வேர்வையை அளக்கும் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். பத்துச் சீட்டு எடுத்த அளவிலேயே, கெட்ட கட்டை நோக்கிக் கை போகும்போது லேசாக வேர்த்தது. அது கெட்ட கட்டு என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்ல இன்னும் வெகுநேரம் ஆயிற்று. மூளையில் அந்தச் சேதம் உள்ளவர்களுக்கு வேர்க்கவே இல்லை. அவர்களில் சிலர் எந்தக் கட்டு மோசம் என்று கண்டுபிடித்துச் சொன்ன பிறகும் அதிலேயே எடுத்துத் தோற்றார்கள்.

ஆடுபவர்களை இன்னும் நுணுக்கமாகக் கேள்வி கேட்டால் அவர்களுக்கு முன்பே ஓரளவு தெரிந்திருந்தது என்று 2004-இல் வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே "உடம்புக்கு முன்கூட்டியே எல்லாம் தெரியும்" என்று பெரிதாகச் சொல்லிவிடக் கூடாது. ஆனால் தெரிந்த பிறகும் தோற்றார்களே, அது யோசிக்க வைக்கிறது. அறிவது ஒன்று, அறிந்தது உறைப்பது வேறொன்று.

பதம்

சரி, இந்த உடற்குறி எங்கிருந்து வருகிறது? பிறக்கும்போதே வந்துவிடாது. கிண்டிக் கிண்டித்தான் வரும்.

கிண்டி என்று சொன்னதால் அல்வாவுக்கே வருகிறேன். சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, புளிக்கவிட்டு, மேலே தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய பாலைச் சர்க்கரையோடும் நெய்யோடும் அடுப்பிலேற்றிக் கிண்ட வேண்டும். கை ஓயக் கூடாது. ஆச்சி உயிரோடு இருந்தவரை தீபாவளிக்கு எங்கள் வீட்டில் இதுதான் நடக்கும். "இன்னும் எவ்வளவு நேரம் ஆச்சி?" என்று கேட்டால், "பதம் வரட்டும்லே" என்பாள். அவள் கடிகாரத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. துடுப்பு கனப்பது, சட்டி ஓரத்தில் நெய் கக்குவது, கொதிக்கிற சத்தம் மாறுவது, எல்லாம் சேர்ந்து அவள் கைக்கு ஒரு செய்தி போகும். சட்டென்று, "எறக்கு" என்பாள். ஏன் இப்போது என்று கேட்டால் சிரிப்பாள்.

அந்த "எறக்கு" மந்திரம் இல்லை. ஐம்பது தீபாவளி அது. ஒவ்வொரு முறையும் சற்று முந்தி இறக்கினால் கொழகொழத்தது, பிந்தினால் இறுகியது. தவறுக்கு உடனே பதில் கிடைத்தது. அந்தப் பதில்களெல்லாம் கையில் தங்கின.

தீயணைப்பு வீரர்களின் முடிவுகளை ஆராய்ந்த கேரி க்ளைன், அமெரிக்க அதிகாரி ஒருவர் சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு வீட்டுச் சமையலறையில் தீ. தண்ணீர் அடிக்கிறார்கள், தீ அடங்கவில்லை. அவருக்கு என்னவோ சரியில்லை என்று தோன்ற, எல்லோரையும் வெளியேறச் சொல்கிறார். வெளியே வந்த சற்று நேரத்தில் அவர்கள் நின்ற தரை இடிந்து விழுகிறது. தீயின் மையம் கீழே நிலவறையில் இருந்திருக்கிறது. தனக்கு ஏதோ அபூர்வ சக்தி என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். விசாரித்தபோது விஷயம் வெளிவந்தது: சின்னத் தீக்கு அந்த அறை அளவுக்குமீறிச் சூடாக இருந்தது, சத்தம் அளவுக்குமீறிக் குறைவாக இருந்தது. சித்தப்பாவின் கோரையேதான்.

இந்த மாதிரி உள்ளுணர்வை எப்போது நம்பலாம்? இதில் எதிரெதிர் அணியில் இருந்தவர்கள், உள்ளுணர்வை மதித்த க்ளைனும் அதைச் சந்தேகித்த உளவியலாளர் டேனியல் கானமனும், 2009-இல் சேர்ந்து எழுதியபோது இரண்டு நிபந்தனைகளில் ஒத்துப்போனார்கள். அந்தத் துறைக்குள் ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும். அந்த ஒழுங்கைத் தவறு செய்து, பதில் வாங்கிப் பழகிக்கொள்ள வாய்ப்பும் வேண்டும். அல்வாவுக்கு இரண்டும் உண்டு. வயலுக்கு உண்டு. அடுத்த வாரம் எந்தப் பங்கு ஏறும் என்பதற்கு இல்லை. அங்கே ஒருவருக்கு "உள்ளே தோணுது" என்றால் அந்தத் தோன்றலுக்குப் பின்னால் பதம் எதுவும் கிடையாது.

சுருங்கச் சொன்னால்: நம்பத் தகுந்த உள்ளுணர்வு என்பது உடம்பில் தங்கிய அனுபவம். பழகாத இடத்தில் எழுவதும் உணர்வுதான், ஆனால் அது வேறு எதையோ சொல்கிறது.

எது நம்முடைய உணர்வு?

உணர்வு வழிகாட்டட்டும் என்று சொல்லும்போது "உண்மையான" என்ற அடைமொழி ஏன் வேண்டும்? உடம்பு படபடக்கிறது என்பதை மூளை சரியாக அறியும். ஏன் படபடக்கிறது என்பதில் அடிக்கடி ஏமாறும்.

1974-இல் கனடாவின் வான்கூவர் அருகே ஒரு சோதனை நடந்தது. பள்ளத்தாக்குக்கு மேலே சுமார் 70 மீட்டர் உயரத்தில் ஆடுகிற தொங்குபாலம். அதைக் கடந்த ஆண்களிடம் ஒரு இளம்பெண் சில கேள்விகள் கேட்டு, விவரம் வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று போன் நம்பர் கொடுத்தாள். தாழ்வான, உறுதியான மரப்பாலத்திலும் இதேபோல. ஆடும் பாலத்தில் வந்தவர்கள்தாம் மிக அதிகமாகப் பிறகு கூப்பிட்டார்கள். பாலம் தந்த படபடப்பை அவர்கள் அவள்மேல் வந்த ஈர்ப்பு என்று எடுத்துக்கொண்டதாக ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

நம் படபடப்புகளில் எத்தனை பாலத்தினுடையவை என்று பார்ப்பது நல்லது. கல்யாண வீட்டுக் கூட்டத்தில், "உம் மவன் என்ன வே படிக்கான்?" என்று யாரோ கேட்கும்போது ஒரு தகப்பனாருக்கு நெஞ்சு இறுகுகிறது. வீட்டுக்கு வந்ததும், "நீ இன்ஜினியரிங்தாம்லே படிக்கணும்" என்கிறார். பிள்ளையின் எதிர்காலம் பற்றிய கவலை என்று அவர் மனசார நம்புகிறார். அந்த இறுக்கம் பந்தியில் பிறந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கணத்தில் தன் உணர்ச்சியின் ஊற்று எது என்று பார்க்க யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

காரணங்களை அடுக்கினால் இது தெளிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. உளவியலாளர் டிமோதி வில்சனும் சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவியருக்குச் சுவரொட்டிப் படங்களைக் காட்டி, பிடித்ததை வீட்டுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சிலவை புகழ்பெற்ற ஓவியங்களின் நகல்கள், சிலவை வேடிக்கையான படங்கள். ஒரு பகுதியினர் மட்டும் எடுப்பதற்கு முன் ஒவ்வொன்றும் ஏன் பிடிக்கிறது, ஏன் பிடிக்கவில்லை என்று எழுத வேண்டும். எழுதியவர்கள் வேடிக்கைப் படங்களை அதிகம் எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்துக் கேட்டபோது, காரணம் எழுதாமல் எடுத்தவர்களைவிட எழுதி எடுத்தவர்களுக்குத் தங்கள் படம் குறைவாகவே பிடித்திருந்தது. வாயில் எளிதாக வருகிற காரணங்கள், உள்ளே கனமாக இருக்கிற காரணங்களைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றுவிட்டன. ஒரு வேடிக்கைப் படம் ஏன் பிடிக்கிறது என்று சொல்வது சுலபம். ஒரு ஓவியத்தின் முன் ஏன் நின்றோம் என்று சொல்வது கடினம்.

பிளஸ் டூ மதிப்பெண் வந்ததும் வீடுகளில் நடப்பது இதுதான். 200-க்கு இவ்வளவு கட்-ஆஃப், இந்தக் காலேஜில் இந்தக் குரூப், கேம்பஸில் இவ்வளவு சம்பளம். எல்லாம் எண், எல்லாம் வாயில் வரும். பிள்ளை எந்தப் பாட நோட்டை மட்டும் அட்டை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தாள் என்பது எந்தப் பேச்சிலும் வராது.

என் அனுபவத்தில் உண்மையான உணர்வுக்கும் வந்துபோகிற வேகத்துக்கும் ஒரு வேறுபாடு தெரிகிறது. வேகம் ஆள் பார்த்து வரும், ராத்திரி தூங்கி எழுந்தால் பாதி போயிருக்கும். மற்றது யாருமில்லாத நேரத்திலும், களைத்திருக்கும்போதும், நான்கு நாள் ஆறப்போட்டாலும் அதே இடத்தில் சத்தமில்லாமல் நிற்கும். சித்தப்பா ரெண்டு நாள் கேட்டது எவ்வளவு சரி என்று இப்போது தோன்றுகிறது.

வில்லும் வீசுகோலும்

படைப்பு வேலைக்கு வருகிறேன். முடிவெடுப்பதில் உணர்வு பாதி வேலை செய்கிறதென்றால் இங்கே முக்கால்வாசி.

டெரசா அமபைல் என்ற உளவியலாளர் 1985-இல் 72 எழுத்தாளர்களை வைத்து ஒரு சிறு சோதனை செய்தார். முதலில் எல்லோரும் பனி பற்றி ஹைக்கூ மாதிரி ஒரு குறுங்கவிதை எழுதினார்கள். பிறகு ஒரு குழு, தாம் எழுதுவதற்கான புறக் காரணங்களை, அதாவது பணம், பேர், பிறர் மெச்சுவது போன்றவற்றை வரிசைப்படுத்தியது. இன்னொரு குழு, எழுதுவதில் உள்ள இன்பம் போன்ற அகக் காரணங்களை. மூன்றாவது குழு இதற்குச் சம்பந்தமில்லாத ஒரு கதையைப் படித்தது. அடுத்து எல்லோரும் சிரிப்பு பற்றி ஒரு கவிதை எழுதினார்கள். யார் எந்தக் குழு என்று தெரியாத கவிஞர்கள் மதிப்பெண் போட்டார்கள். பேரையும் பணத்தையும் சில நிமிடம் நினைத்துவிட்டு எழுதியவர்களின் கவிதைகள் தாழ்ந்திருந்தன. சில நிமிடம்தான்! லைக் எத்தனை வரும் என்று நாள் முழுக்க நினைத்துக்கொண்டு எழுத உட்காருகிற நம் பிள்ளைகளை எண்ணிக் கவலைப்படாமல் இருக்க முடியவில்லை.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. மனதின் கவனம் ஒரு கைப்பிடி அளவுதான். பார்ப்பவர் முகத்தைக் கற்பனை செய்வதில் அது செலவானால், எழுதும் பொருளைத் தொட மிச்சம் இருக்காது. எது பிடிக்கும் என்று ஊகித்தால் ஏற்கெனவே பிடித்தது மட்டுமே நினைவுக்கு வரும். அப்புறம் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுவார்கள்.

எங்கள் பக்கத்துக் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. நடுச்சாமம். வில்லின் நாணில் வீசுகோல் விழுகிறது, மணிகள் குலுங்குகின்றன, குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் சேர்கின்றன. பாடுகிறவர் சுடலைமாடன் கதையை நூறு முறை பாடியிருப்பார். கதை மாறாது. ஆனாலும் நல்ல பாடகர், பிறப்பு பாடும்போது கிழவிகள் முன்னால் நகர்ந்து உட்காருவதைப் பார்த்து அங்கேயே நிற்பார். சொன்ன வரியை மறுபடி இழுப்பார். கூட இருப்பவர்கள் "ஆமா" போடுவதும் மாறும். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் என்று எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறவரையும் கேட்டிருக்கிறேன். பிழை ஒன்றும் இராது. கூட்டம் டீ குடிக்கப் போய்விடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த நல்ல பாடகர் தாளத்தை விடுவதே இல்லை. தாளம் முழுக்க முழுக்கக் கணக்கு. உணர்வு எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிறது, தாளம் அவரை விழாமல் நிற்க வைக்கிறது.

உணர்வையே அளவுகோலாக வைத்தால் வரும் பெருமையும் சிக்கலும் இரண்டையும் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரிடம் பார்க்கலாம். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டில் வட்டத்தொட்டி என்ற முற்றத்தில் நண்பர்கள் கூடிக் கவிதையைப் படிப்பார்கள், மறுபடி படிப்பார்கள், அனுபவிப்பார்கள். பொழிப்புரையாக இருந்த கம்பனைப் பலருக்கு உயிருள்ள கவிதையாக்கியது அந்த ரசனை. அதே ரசனையை நம்பி, தமக்கு ஒப்பாத பாடல்களைக் கம்பனுடையவை அல்ல என்று அவர் ஒதுக்கினார், சில இடங்களில் சொற்களைத் திருத்தவும் செய்தார். புலவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். என் கருத்தைக் கேட்டால், கவிதைக்குள் நுழைய அவர் வழி மிகச் சிறந்தது. ஒரு பாடல் யார் எழுதியது என்று தீர்மானிக்க உணர்வு போதாது, அங்கே ஏட்டுச்சுவடிதான் பேச வேண்டும். எந்தக் கேள்வியை எதனிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

இந்தப் பகுதியில் கண்டது: படைப்பில் எங்கே நிற்பது, எதைத் தொடுவது என்பதை உணர்வு சொல்லும். பார்ப்பவரின் கைதட்டலைக் கணக்கிடுவது அந்தக் குரலை அமுக்கும். கைத்திறனின் கணக்கு அதைத் தாங்கும்.

பங்கு ஒன்று 25 ரூபாய்

உணர்வை முன்னால் விட்டால் கணக்கு என்னாகும் என்று கேட்பவர்களுக்கு வ.உ. சிதம்பரம் பிள்ளையைக் காட்டுவேன். ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்தவர், தூத்துக்குடியில் வக்கீல். அந்த ஊர்கள் 1986 வரை திருநெல்வேலி மாவட்டம்தான். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டுக்கொண்டிருந்தது ஒரு பெரிய பிரிட்டிஷ் கம்பெனி. அதை எதிர்த்துக் கப்பல் விடுவது லாபமா என்று கணக்குப் பார்த்திருந்தால் எவரும் துணிந்திருக்க மாட்டார்கள். கப்பல் வேண்டும் என்று சொன்னது கணக்கு இல்லை.

ஆனால் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது அவர் என்ன செய்தார் பாருங்கள். மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 40,000 பங்குகளாகப் பிரித்து, பங்கு ஒன்று 25 ரூபாய் என்று வைத்தார். ஊர் ஊராகப் போய்ப் பங்கு சேர்த்தார். 1907-இல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. உணர்வு தட்டில் வைத்ததைக் கணக்கு ஒவ்வொரு ரூபாயாக நிறுத்துக் கொடுத்தது. எதிர்க் கம்பெனி கட்டணத்தை வெட்டியது. 1908-இல் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. பணக் கணக்கில் அது நஷ்டம், அதை மறைக்க வேண்டியதில்லை. எதை நிறுக்கப் புறப்பட்டாரோ அந்தத் தட்டில் என்ன எடை என்று எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

எங்கள் அக்கா மகள் போன வருஷம் பிளஸ் டூ முடித்தாள். தமிழ் இலக்கியம் படிக்க ஆசை. வீட்டில் வழக்கமான பேச்செல்லாம் நடந்தது. "ஒரு வாரம் இதப்பத்தி யாரும் பேசாம இருப்போம்" என்று மட்டும் நான் கேட்டுக்கொண்டேன். எட்டாம் நாள் சாயங்காலம் அவளே வந்தாள். "மாமா, எனக்கு அதே படிப்புதான் வேணும். நேத்தும் அப்படித்தான் இருந்துச்சு, இன்னைக்கும் அப்படித்தான் இருக்கு." சரி, உட்காரு என்று ஒரு நோட்டை எடுத்துப் போட்டோம். பீஸ், பஸ் பாஸ், புத்தகம், அப்புறம் எம்.ஏ.வா பி.எட்.டா, அதற்கு எத்தனை வருஷம், அதுவரை அக்கா சமாளிக்க முடியுமா, டியூஷன் எடுத்தால் மாதம் எவ்வளவு வரும். ராத்திரி பதினொரு மணி ஆயிற்று. இரண்டு இடத்தில் கூட்டல் தப்பு. சித்தப்பாதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருத்திக் கொடுத்தார்.